அவரைச் சந்தோஷமாக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்

என் கணவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அன்று டாக்டர் மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். இது காலையில், இது ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று விளக்கிவிட்டு, "மனசு சந்தோஷமா இருக்கணும்மா. அவர சந்தோஷமா வச்சுக்கிட்டீங்கன்னா பாதி குணம் தானா வந்துரும்" என்றார். மாத்திரைக்கு எதிரிலேயே மெடிக்கல் ஸ்டோர் இருந்தது. அந்தப் பாதி குணத்தை எந்தக் கடையில் வாங்குவது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பது தென்காசியில் எங்கள் தெரு முழுக்கத் தெரியும். அன்றைக்கு மட்டும் ஏனோ தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. நாக்கு குழறியது. உயிர் பிழைத்ததே பெரிசு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர் எதிரிலேயே சொன்னார்கள். "எப்படி இருந்த மனுஷன்" என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நான் போட்ட காபியையும் குடித்துவிட்டுப் போனாள். இப்படிப்பட்டவர்களை வைத்துக்கொண்டு ஒரு மனுஷனைச் சந்தோஷமாக வைத்துக்கொள்வது லேசான காரியம் இல்லை.

அவர் முன்பும் அதிகம் பேசுகிறவர் அல்ல. பஜாரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். ஆணி, கீல், பெயிண்ட், பைப் எல்லாம் அங்கே கிடைக்கும், பேச்சு மட்டும் கிடைக்காது. "எத்தன இஞ்சு" என்பதுதான் வாடிக்கையாளர்களிடம் அவர் கேட்கும் அதிகபட்சக் கேள்வி. நான் அச்சன்புதூர்க்காரி. எங்கள் வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசுவோம், எல்லாருக்கும் எல்லாம் விளங்கிவிடும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டின் அமைதி என்னைப் பயமுறுத்தியது. ஏதோ கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். கோபமில்லை, சுபாவமே அதுதான் என்று தெரிய ஒரு வருஷம் ஆயிற்று. "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க" என்று நான் கேட்காத நாள் கிடையாது. அதற்கும் பதில் வராது. இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிப் பழகிக்கொண்டேன்.

நோய்க்குப் பிறகு அந்தக் கொஞ்சப் பேச்சும் போனது. "த" என்று ஆரம்பிப்பார். நான் தண்ணீர் கொண்டு வருவேன். தலையை அசைப்பார். தலையணையா, தலைவலியா, தயிரா என்று நான் கேட்டுக்கொண்டே போவேன். கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வார். கடைசியில் என்ன வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தெரியாமல் போய்விடும்.

பெங்களூரில் இருக்கும் மகன் தினமும் வீடியோ காலில் வருவான். "அப்பா ஹேப்பியா இருக்காங்களாம்மா?" என்பான். நான் போனை அவர் முகத்துக்கு நேராகத் திருப்புவேன். அவர் போனைப் பார்ப்பார். போன் அவரைப் பார்க்கும். "நல்லா இருக்காங்கல்லா" என்று அவனே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவான். பாவம், அவனுக்கும் அங்கே ஆயிரம் வேலை.

நானும் சும்மா இருக்கவில்லை. டிவியில் காமெடி போட்டேன். அவருக்குப் பிடிக்கும் என்று கேரள எல்லையிலிருக்கும் பார்டர் கடையிலிருந்து புரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கிவரச் செய்து, பிய்த்து ஊட்டினேன். பண்பொழி மலைக்கோயில் பிரசாதம் கொண்டுவந்து நெற்றியில் பூசினேன். கடையைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தன் மகனை வரவழைத்து வியாபாரக் கதை சொல்லச் சொன்னேன். எல்லாவற்றையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டார். அந்த மரியாதைதான் எனக்குத் தாங்கவில்லை. பிடிக்கவில்லை என்று ஒரு தட்டைத் தள்ளிவிட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

வைகாசி கடைசியில் காற்று மாறியது. மேற்கு ஜன்னல் தானாக அடித்துக்கொண்டது. மலை மேகத்தில் முகத்தை மூடிக்கொள்ள, பஜாரெல்லாம் பொடிச் சாரல் விழ ஆரம்பித்தது. வெளியூர் நம்பர் போட்ட வேன்கள் குற்றாலத்துக்குப் போகும் சத்தம் எங்கள் தெருமுனை வரை கேட்டது. அன்றைக்கு அவர் இடது கையால் நாற்காலியின் கைப்பிடியைத் தட்டித் தட்டி என்னைக் கூப்பிட்டு, நாற்காலியை மேற்கே திருப்பச் சைகை காட்டினார். நோய் வந்தபின் அவராகக் கேட்டு எனக்குப் புரிந்த முதல் காரியம் அது. நான் திருப்பிவிட்டு, மலையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தைப் பார்த்தேன். இதை எப்படி மறந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சீசன் வந்துவிட்டால் அவர் வேறு ஆள். விடியும் முன்பே எழுந்து, ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பைக்கில் மேலகரம் வழியாகக் குற்றாலம் போய்விடுவார். வெளியூர்க் கூட்டம் எழுந்து வருவதற்குள் பேரருவியில் குளித்துவிட்டுத் திரும்பி வருவார். கூடக் குளிக்க இன்னும் இரண்டு பேர் உண்டு. ஒருவர் மாவு மில் வைத்திருக்கிறவர். இன்னொருவர் வளைகுடாவிலிருந்து வேலையை விட்டுவிட்டு வந்த கடையநல்லூர் பாய். மற்ற நேரங்களில் இவர்கள் மூவரும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதுகூடக் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வைத்தால் வருவார்கள், அவ்வளவுதான். அருவியில் மட்டும் சிநேகிதம். திரும்பி வரும்போது கண் சிவந்திருக்கும், விரல் நுனிகள் சுருங்கியிருக்கும். இட்லி கணக்கில்லாமல் உள்ளே போகும். அந்த இரண்டு மூன்று மாதமும் நான் என்ன சொன்னாலும் அவருக்கு எரிச்சல் வராது. ஒருமுறை அவரது புது வேட்டியை இஸ்திரி போடும்போது தீய்த்துவிட்டேன். "போகட்டும்" என்றார். எல்லாம் மூலிகைத் தண்ணீரின் குணம் என்று நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். மலையில் அத்தனை மரத்தையும் செடியையும் தொட்டுக்கொண்டு வருகிற தண்ணீர், சும்மாவா என்பேன்.

டாக்டரிடம் போன் செய்து கேட்டேன். அருவி கூடவே கூடாது, தலையில் அந்த வேகத்தில் தண்ணீர் விழவே கூடாது என்றார். சரி, அவர் அருவிக்குப் போகக் கூடாது, அருவி அவரிடம் வரலாம் அல்லவா? ஒரு ஆட்டோக்காரரிடம் பேசி, குடிதண்ணீர் கேன்களைக் கழுவி எடுத்துக்கொண்டு போய், பேரருவியில் பெண்கள் பக்கம் போய்ப் பிடித்தேன். குளிக்க வந்தவர்கள் எல்லாம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு கேனைக் கல்லில் வைத்துத் திரும்புவதற்குள் குரங்கு வந்து மூடியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. இடுப்பு ஒடியத் தூக்கி வந்தேன்.

வீட்டுக்குப் பின்னால் அவரை ஸ்டூலில் உட்கார வைத்தேன். குளிர்ந்துவிடுமோ என்று பயந்து அதில் கொஞ்சம் வெந்நீரும் கலந்தேன். இதைச் சொல்லும்போது இப்போது எனக்கே சிரிப்பு வருகிறது. அருவித் தண்ணீரைக் கொண்டுவந்து வெந்நீர் கலந்து ஊற்றியவள் தென்காசியில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். செம்பு செம்பாகத் தோளிலும் முதுகிலும் ஊற்றிக்கொண்டே, "நம்ம அருவித் தண்ணியாக்கும், நானே போய் பிடிச்சிட்டு வந்தேன், தெரியுதா" என்று சொன்னேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். ஹார்டுவேர் கடைக்கு வந்து சீனி கேட்கிறவனைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு உதடு கோணி, கண்ணீர் வந்தது. சத்தமில்லாமல் அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது நான் பார்த்ததில்லை, அவருடைய அம்மா செத்தபோதும்கூட. மிச்சக் கேன்களை நான் திறக்கவே இல்லை. கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

அடுத்த வாரம் மாவு மில்காரர் அவரைப் பார்க்க வந்தார். கையில் ஒரு பொட்டலம் புட்டு மாவு. என் கணவருக்கு எதிரே உட்கார்ந்து, இரண்டு பேரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வார்த்தை இல்லை. இந்த மாதிரி ஒரு சிநேகிதத்தை நான் எங்கும் கண்டதில்லை. கிளம்பும்போது வாசல்வரை கூடப் போனேன். தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியதையும் அவர் அழுததையும் சொன்னேன். மில்காரர் செருப்பைப் போட்டபடி நின்றார்.

"தண்ணிக்காவ அழுதிருக்க மாட்டாரு மயினி" என்றார்.

"பொறவு என்னத்துக்கு?"

"அத எப்படிச் சொல்லுதது. வெளிய சொல்லுத விஷயம் இல்ல."

வெளியில் சொல்லாத விஷயம் என்று என்னிடம் சொல்லிவிட்டுத் தப்பித்துப் போக முடியுமா. "சொல்லிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"நாங்க அங்கன போய் பேசுவோம் மயினி" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. "ஒருத்தரோட ஒருத்தர் இல்ல. அருவிக்குள்ள போயி பாறையப் பாத்து நின்னுக்கிடுவோம். அவங்கவங்களுக்கு என்ன இருக்கோ அதச் சொல்லுவோம். நல்லா சத்தமாவே சொல்லலாம். தண்ணி சத்தத்துல பக்கத்துல நிக்கவனுக்கும் கேக்காது, நமக்கே கேக்காது. பாய் அவரு மொதலாளிய ஏசுவாருன்னு நெனைக்கேன், கைய நீட்டி நீட்டிப் பேசுவாரு. நான் எம் மவகிட்ட பேசுவேன், அவதான் எங்கள வேண்டாம்னு போயிட்டாளே. யாரு இத மொதல்ல ஆரம்பிச்சாங்கன்னு தெரியாது. ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கிட்டதும் இல்ல."

"இவுகளுமா பேசுவாக?"

"எங்கள்ல உங்க வீட்டு அண்ணாச்சிதான் ரொம்ப நேரம் பேசுவாரு. நாங்க துவட்டிட்டு நிப்போம், அவரு முடிச்சிருக்க மாட்டாரு."

"என்ன பேசுவாக?"

"அது எப்படித் தெரியும் மயினி. கேக்காதுன்னுதான பேசுதது" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

எனக்கு முதலில் வந்தது பொறாமை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், பொறாமைதான். வருஷக் கணக்காக நான் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பேச்சு அந்த மனுஷனிடம் இருந்திருக்கிறது. மூட்டை மூட்டையாக இருந்திருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் விடியற்காலையில் ஒரு பாறையிடம் கொட்டிவிட்டு, வெறும் வாயோடு வந்து என் இட்லியைத் தின்றிருக்கிறார். சக்களத்தி என்று ஒருத்தி இருந்திருந்தால் அவள் வீட்டு வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்டிருப்பேன். பாறையிடம் போய் என்ன கேட்பது. அன்று முழுக்கப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன். அவருக்குக் கஞ்சி கொடுக்கும்போது கரண்டி பல்லில் இடித்தது.

ராத்திரி படுத்த பிறகு கோபம் இறங்கி வேறொன்று வந்து உட்கார்ந்தது. இத்தனை வருஷமும் இந்த வீட்டுக்குச் சந்தோஷத்தைக் கொண்டுவந்தது நான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். சமைத்தது நான், சிரித்தது நான், விருந்தாள் வந்தால் கலகலப்பாகப் பேசியது நான். அவருடைய சந்தோஷமோ என் குரல் எட்டாத ஒரு இடத்தில் இருந்தது. இப்போது காலும் இல்லை, அந்த இடமும் இல்லை. என் குரல் மட்டும் காலையிலிருந்து ராத்திரி வரை அவர் பக்கத்திலேயே இருக்கிறது.

டாக்டரிடம் மறுபடி கேட்கவில்லை. கேட்டால் கூடாது என்பார். ஆடிக் கூட்டமெல்லாம் ஓய்ந்து, ஆவணியில் ஒரு வேலை நாள் பார்த்து, அதே ஆட்டோவில் அவரைக் குற்றாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலையில் தண்ணீர் படாது, எதிரே உட்கார்ந்தால் போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். காதில் பஞ்சு, கழுத்தில் மப்ளர், மேலே என் மகனுடைய பழைய ரெயின்கோட். வாடகைக்கு எடுத்த சக்கர நாற்காலியை ஆட்டோக்காரர் பிடித்து இறக்கி, அருவிக்கு எதிரே சாரல் தெறிக்கும் இடத்தில் நிறுத்தினார். குரங்குக்குப் பயந்து பைகளை எடுத்துக்கொண்டு அவர் படிக்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

தண்ணீர் மிதமாக விழுந்தது. இருந்தாலும் சத்தம் சத்தம்தான். என் கணவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அவர் காதோரம் குனிந்து, "குளிருதா?" என்றேன். கேட்கவில்லை. பஞ்சை எடுத்துவிட்டுக் கத்தினேன். அதுவும் கேட்கவில்லை. மப்ளரைச் சரிசெய்தேன், ரெயின்கோட் பட்டனைப் போட்டேன், முகத்தைத் துடைத்தேன். அவர் இடது கையால் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டார். பிறகு தன் கையைப் பெண்கள் பக்கம் நீட்டினார். எனக்குப் புரியவில்லை. மறுபடி நீட்டினார். போ, குளி என்கிறார்.

முட்டிவலி வந்தபின் நான் அருவியில் குளித்துப் பல வருஷம் ஆயிற்று. மாற்றுச் சேலையும் கொண்டுவரவில்லை. ஆனால் அவர் முகத்தில் இருந்தது வேண்டுகோள். கடையில்கூட யாரிடமும் எதையும் வேண்டிக் கேட்காத மனுஷன். நான் போனேன். நாற்காலியின் பிரேக்கை இரண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனேன்.

பெண்கள் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீருக்குள் நின்றேன். முதல் அடியிலேயே மூச்சு நின்றுவிடும்போல இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி அவர் இருந்த பக்கம் பார்த்தேன். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு எத்தனையோ தடவை இரண்டு பேரும் சேர்ந்து அருவிக்கு வந்திருக்கிறோம். ஆண்கள் பக்கம் அவர், பெண்கள் பக்கம் நான். அருவிக்கு முன்னால் அவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

வாய் அசைந்துகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் நிற்கும், மறுபடி அசையும். இடது கை எழுந்து காற்றை வெட்டியது. தலை ஒரு பக்கம் சாய்ந்து, எதையோ மறுப்பது போல ஆடியது. பேசும்போது அவர் கையை ஆட்டுவார் என்பது எனக்குத் தெரியாது. குழறல்தானே வந்திருக்கும், கோணல் வாயிலிருந்து வேறென்ன வரும். ஆனால் அங்கே அது குழறல் என்று யாருக்குத் தெரியப்போகிறது, அவருக்கே தெரியாது. உதட்டைப் பார்த்து ஏதாவது ஒரு சொல்லையாவது பிடித்துவிட முடியுமா என்று முயற்சி செய்தேன். என் பேர் வருகிறதா என்று பார்த்தேன். சாரலில் ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பேச்சில் நான் இருக்கிறேனா, இருந்தால் திட்டா, பிரியமா, எதுவும் தெரியவில்லை.

பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த பெண் என்னை இடித்து, கொஞ்சம் நகரும்படி சைகை காட்டினாள். நகர்ந்தேன். சரி, நாமும் ஏதாவது சொல்லிப் பார்ப்போமே என்று பாறையைப் பார்த்துத் திரும்பினேன். ஒன்றும் வரவில்லை. நான் எதையும் சேர்த்து வைத்தவள் இல்லை, அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே கொட்டிவிட்டவள். இருந்த ஒன்றே ஒன்று அவரிடம் கேட்க வேண்டியது, அதைத் தண்ணீருக்குச் சொல்லி என்ன பிரயோஜனம்.

பல் கிட்டியது, முட்டி விண்ணென்று தெறித்தது. நான் கிட்டே போனால் அவர் வாயை மூடிக்கொள்வார் என்று தெரியும். அதனால் நின்றேன். அவர் கை மடியில் விழுந்து, வாய் அசையாமல் கொஞ்ச நேரம் ஆன பிறகுதான் வெளியே வந்தேன்.

ஆட்டோவில் ஈரச் சேலையோடு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆட்டோக்காரர் ஒரு துண்டை எடுத்து எனக்குக் கொடுத்தார். மேலகரம் தாண்டும்வரை பொறுத்துப் பார்த்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"என்ன பேசுனீங்க?" என்றேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக, நாக்கைத் தேடித் தேடிச் சொன்னார். "நாளைக்கும்... கூட்டிட்டுப் போ."

"போவோம்."

"நீ... அங்கனயே... குளி."

நான் இடையில் புகுந்து முடித்துவைக்காமல் அவரே முழுசாகச் சொல்லிமுடித்த பேச்சு அது. அர்த்தம் விளங்காத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. துண்டால் முகத்தை மூடித் துடைத்துக்கொண்டேன். தலையிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

"சரி, நான் தள்ளியே நிக்கேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நோய் வந்தபின் முதல் சிரிப்பு, வாயின் இடது பக்கம் மட்டும் விரிந்த சிரிப்பு. டாக்டரும் மகனும் நானும் இத்தனை மாதம் காத்திருந்த அந்தச் சிரிப்பு, நான் தள்ளி நிற்க ஒத்துக்கொண்டதற்காக வந்தது.